மூன்றாவது துளை

உரைநடை

நுழையும்முன்

நம் வீட்டுச் சுவரில் உள்ள மின்செருகு துளைகளை நாள்தோறும் பார்க்கிறோம். கீழே இரண்டு சிறு துளைகள். மேலே ஒரு பெரிய துளை. கீழே உள்ளவை மின்சாரம் வருவதற்கும் திரும்புவதற்கும் உரியவை. மேலே உள்ள மூன்றாவது துளை எதற்கு? அதில் கம்பி இல்லாவிட்டாலும் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது. எனவே அது வேண்டாத ஒன்று எனப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் வீட்டில் உள்ளோரின் உயிருக்குக் காவலாக இருப்பது அத்துளையே. கணினியைக் காப்பதற்காக நாம் விலை கொடுத்து வாங்கும் மின்னெழுச்சிக் காப்பானும் அத்துளையை நம்பியே இருக்கிறது. அஃது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் கற்போம்.

மூன்று கம்பிகள்

இந்தியாவில் வீடுகளுக்கு 230 வோல்ட் அழுத்தமும் நொடிக்கு 50 சுழற்சிகளும் கொண்ட மாறுமின்னோட்டம் வழங்கப்படுகிறது. இதனைக் கொண்டுவரும் கம்பியை மின்கம்பி என்கிறோம். பேச்சு வழக்கில் இது ‘பேஸ்’ எனப்படும். மின்னோட்டம் திரும்பிச் செல்லும் கம்பி நடுநிலைக் கம்பி, இது ‘நியூட்ரல்’. ஒரு கருவி இயங்குவதற்கு இவ்விரண்டும் போதும்.

மூன்றாவது கம்பி புவியிணைப்புக் கம்பி. ‘எர்த்’ என்று சொன்னால் எல்லார்க்கும் விளங்கும். வட மாநிலங்களில் மின்பணியாளரை ‘பிஜ்லி மிஸ்திரி’ என்பர். அவரும் இதனை ‘அர்த்திங்’ என்றே சொல்வார். மின்கம்பி சிவப்பு அல்லது பழுப்பு நிறத்திலும், நடுநிலைக் கம்பி கறுப்பு அல்லது நீல நிறத்திலும், புவியிணைப்புக் கம்பி பச்சை அல்லது மஞ்சள் கோடிட்ட பச்சை நிறத்திலும் இருக்கும்.

கருவி நல்ல நிலையில் இருக்கும்போது புவியிணைப்புக் கம்பியில் குறிப்பிடத்தக்க மின்னோட்டம் ஏதும் செல்வதில்லை. பழுது நேரும் நாளில்தான் அதன் பணி தொடங்குகிறது.

மண்ணுக்குள் ஒரு வழி

புவியிணைப்புக் கம்பி சுவருக்குள் தொடங்கி, மின்பலகை வழியாகக் கட்டடத்திற்கு வெளியே சென்று மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளமுள்ள, துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் புதைக்கப்பட்டிருக்கும். சில இடங்களில் குழாய்க்குப் பதிலாக 60 செ.மீ. நீள அகலமுள்ள செப்புத் தகட்டைப் புதைப்பர். அதனைச் சுற்றிக் கரியும் உப்பும் அடுக்கடுக்காக இடப்படும். ஈரமும் உப்பும் கலந்த மண் மின்சாரத்தை எளிதில் கடத்தும் என்பதே இதற்குக் காரணம். கோடையில் மண் உலர்ந்துவிட்டால் கடத்தும் ஆற்றல் குறையும். ஆதலால் அக்குழியில் அவ்வப்போது நீர் ஊற்றவேண்டும்.

இப்போது ஒரு துவைப்பு இயந்திரத்தை எண்ணிப் பாருங்கள். அதன் உட்புறத்தில் மின்கம்பியின் மேலுறை தேய்ந்து, செம்பு வெளியே தெரிகிறது. அச்செம்பு இயந்திரத்தின் உலோக உடலைத் தொடுகிறது. புவியிணைப்பு இல்லையெனில் என்ன ஆகும்? வெளியே எந்த அடையாளமும் இராது. இயந்திரம் வழக்கம்போல் சுழலும், துணியும் துவைக்கப்படும். ஆனால் அதன் உடல் முழுவதும் 230 வோல்ட் அழுத்தத்தில் இருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று அதனைத் தொடுபவரின் உடல் வழியாகவே மின்னோட்டம் மண்ணை அடையும்.

புவியிணைப்பு இருந்தால், மின்னோட்டத்திற்கு மனித உடலைவிட மிக எளிய வழி ஒன்று முன்பே அமைந்திருக்கும். உலோக உடலில் கசிந்த மின்னோட்டம் அக்கம்பி வழியே பெருமளவில் பாயும். அப்பெருக்கத்தை உணர்ந்து மின்பலகையில் உள்ள சுற்றுத் துண்டிப்பான் விழுந்துவிடும். வீட்டில் ஒருவர் தொடும் முன்பே பழுது வெளிப்பட்டுவிடும்.

இக்காரணத்தாலேயே மூன்று முனைச் செருகியில் மேல்முனை மட்டும் மற்றவற்றைவிட நீளமாகவும் தடிமனாகவும் அமைக்கப்பட்டுள்ளது. செருகும்போது அது முதலில் இணைகிறது. பிடுங்கும்போது கடைசியில் விலகுகிறது. கருவிக்கு மின்சாரம் கிடைக்கும் நேரம் முழுவதும் காவலும் உடனிருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

உருகி நம்மைக் காக்குமா?

“எங்கள் வீட்டில் உருகி இருக்கிறதே, துண்டிப்பான் இருக்கிறதே” என நீங்கள் கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஈரமான மனித உடலின் மின்தடை 1000 ஓம் அளவிற்குக் குறையக்கூடும். ஓம் விதிப்படி 230 வோல்ட்டை 1000 ஓமால் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர் கிடைக்கிறது. ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே தசைகள் இறுகிப் பிடித்த கையை விடமுடியாமல் போகலாம். அதைவிடப் பன்மடங்கு மிகுந்த மின்னோட்டம் இதயத் துடிப்பைச் சீர்குலைக்கும். ஆனால் 6 ஆம்பியர் துண்டிப்பான் ஒன்று 6000 மில்லி ஆம்பியரைக் கடந்த பின்னரே விழத் தொடங்கும். உயிரைப் பறிக்கும் மின்னோட்டம் அதன் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. உருகியும் துண்டிப்பானும் கம்பிகள் சூடேறித் தீப்பற்றாமல் காப்பவை. தொட்டவரைக் காக்க அவை மட்டும் போதா.

புவியிணைப்பும் நல்ல நிலையில் இருக்கவேண்டும். மண்ணுக்குச் செல்லும் வழியின் தடை 5 ஓம் எனக் கொள்வோம். பழுது நேரும்போது 46 ஆம்பியர் பாயும். 6 ஆம்பியர் துண்டிப்பான் உடனே விழும். அதே தடை, மண் உலர்ந்து 50 ஓம் ஆகிவிட்டால் 4.6 ஆம்பியர் மட்டுமே பாயும், துண்டிப்பான் விழாது.

இக்குறையை நிறைவு செய்வது கசிவு மின்னோட்டத் துண்டிப்பான். இதன் வழக்குப் பெயர் ‘ஆர்.சி.சி.பி.’ என்பது. மின்கம்பியில் சென்ற மின்னோட்டமும் நடுநிலைக் கம்பியில் திரும்பிய மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று இக்கருவி இடைவிடாமல் ஒப்பிடுகிறது. வீடுகளில் பொருத்தப்படுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் அளவினது. அந்த அளவு கசிந்தாலே நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். எனினும் ஒருவர் மின்கம்பியையும் நடுநிலைக் கம்பியையும் ஒருசேரத் தொட்டுவிட்டால் இதனாலும் காக்க இயலாது. அப்போது கசிவு இன்மையால் கணக்கு சமமாகவே இருக்கும்.

மின்னெழுச்சி

உயிருக்கு வரும் இடர் இவ்வாறு. கருவிகளுக்கு வரும் இடர் வேறு.

கோடையின் இறுதியில் தில்லிப் பகுதியில் ‘ஆந்தி’ எனப்படும் புழுதிப்புயல் வீசுகிறது. வங்கத்தில் ‘கால்பைசாகி’ என்னும் புயலும், அசாமில் ‘பர்தொய்சிலா’ என்னும் புயலும் இடிமின்னலுடன் வருகின்றன. மின்னல் ஒரு மின்வடத்தின் அருகே விழுந்தாலும் அவ்வடத்தில் திடீரென மின்னழுத்தம் உயர்கிறது. இடியில்லா நாளிலும் மின்தூக்கி, நீரேற்றும் இயந்திரம் போன்றவை ஓடி நிற்கும்போதும், தடைப்பட்ட மின்சாரம் மீண்டும் வரும்போதும் சிறிய அளவில் இவ்வாறு நிகழ்கிறது. இந்தத் திடீர் உயர்வே மின்னெழுச்சி.

மின்னெழுச்சி நெடுநேரம் நீடிப்பதில்லை. அதன் வாழ்நாளை மைக்ரோநொடிகளில் அளப்பர். ஒரு மைக்ரோநொடி என்பது நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பகுதி. அந்தச் சிறு பொழுதிற்குள் அழுத்தம் சில ஆயிரம் வோல்ட் வரை எழக்கூடும். பழைய குண்டு விளக்கு இதைத் தாங்கிக்கொள்ளும். கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றின் நுண்சில்லுகள் தாங்கா.

ஏரியும் கலிங்கும்

மின்னெழுச்சிக் காப்பானைக் கடைகளில் ‘சர்ஜ் புரொடெக்டர்’ என்றும் ‘ஸ்பைக் கார்ட்’ என்றும் விற்கின்றனர். அதன் உள்ளே காசு வடிவில் சிறு வில்லைகள் உள்ளன. அவை துத்தநாக ஆக்சைடைச் சுட்டுச் செய்யப்பட்டவை. இயல்பான அழுத்தத்தில் இவ்வில்லை மின்சாரத்தைக் கடத்துவதில்லை. அழுத்தம் ஒரு வரம்பைக் கடந்தால் அக்கணமே கடத்தத் தொடங்கி, மிகுதியைத் திசைதிருப்பி விடுகிறது.

தமிழ்நாட்டு ஏரிகளில் கலிங்கு என்றோர் அமைப்பு உண்டு. ஏரி நிரம்பும்வரை அது வாளா இருக்கும். நீர் அளவுக்கு மேல் உயர்ந்தால் மிகுதி நீர் கலிங்கின் வழியே வழிந்து வாய்க்காலில் ஓடும், கரை உடையாது. காப்பானில் உள்ள வில்லையும் ஒரு கலிங்கே. ஆனால் கலிங்குக்கு அப்பால் வாய்க்கால் தூர்ந்து போயிருந்தால் நீர் எங்கே செல்லும்?

நல்ல காப்பானில் மூன்று வில்லைகள் இருக்கும். ஒன்று மின்கம்பிக்கும் நடுநிலைக் கம்பிக்கும் இடையில். மற்ற இரண்டும் அவ்விரு கம்பிகளுக்கும் புவியிணைப்புக் கம்பிக்கும் இடையில். சுவரில் மூன்றாவது துளைக்குப் பின்னே கம்பி இல்லையெனில், பின்னவை இரண்டும் வாய்க்கால் இல்லாத கலிங்குகள் ஆகின்றன. விலை கொடுத்து வாங்கிய காவலில் மூன்றில் ஒரு பங்கே எஞ்சும். வீட்டார் அதனை அறியாமல், காவல் முழுமையாக உள்ளது என்று நம்பியிருப்பர். புவியிணைப்பு இல்லாத வீட்டில் முதலில் தேவைப்படுவது புவியிணைப்பே. காப்பான் அதற்கு அடுத்தது.

காப்பானுக்கும் எல்லைகள் உண்டு. ஒவ்வோர் எழுச்சியும் வில்லையைச் சிறிது தேய்க்கிறது. வில்லை முற்றும் பழுதான பின்னும் பெட்டியில் மின்சாரம் வரும். காவல் மட்டும் இராது. இதனை அறிவிக்கவே சில காப்பான்களில் சிறு விளக்கு வைக்கப்பட்டுள்ளது. மேலும், மணிக்கணக்கில் நீடிக்கும் உயர் அழுத்தத்தையோ தாழ் அழுத்தத்தையோ காப்பான் சரிசெய்யாது. அது ‘ஸ்டெபிலைசர்’ என்னும் மின்னழுத்தச் சீராக்கியின் பணி. மின்னல் மிக அருகில் விழுந்தால் எந்தக் காப்பானும் உறுதி தராது. புயல் நெருங்குமுன் செருகியைப் பிடுங்கி வைப்பதே சிறந்தது. இடி தலைக்கு மேல் முழங்கும்போது செருகியைத் தொடலாகாது.

தெரிந்து தெளிவோம்

உயர்ந்த கட்டடங்களின் உச்சியில் உள்ள கூரிய உலோகக் கம்பி இடிதாங்கி எனப்படும். 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் இதனை உருவாக்கினார். இது கட்டடத்தைக் காப்பது. வீட்டினுள் இருக்கும் கணினியைக் காப்பதன்று.

புது வீட்டில் பார்க்க வேண்டியவை

பணிமாற்றம் காரணமாகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறும் குடும்பங்கள் நம்முடையவை. ஒவ்வொரு முறையும் வாடகை வீட்டில் குடியேறும்போது நீர் வருகிறதா, பள்ளி அருகில் உள்ளதா என்று பார்க்கிறோம். பின்வருவனவற்றையும் பெற்றோரிடம் நினைவூட்டுங்கள்.

1. மூன்றாவது துளையில் கம்பி உள்ளதா, அது மண்வரை சென்று சேர்கிறதா என உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதிக்கவேண்டும். துளை இருப்பதாலேயே கம்பி இருக்கிறது என்று கொள்ளக்கூடாது. சிலர் மூன்றாவது துளையை நடுநிலைக் கம்பியோடு இணைத்துவிடுவர். நடுநிலைக் கம்பி எங்கேனும் அறுந்தால் கருவியின் உடலிலேயே மின்சாரம் ஏறும். இது மிகவும் தீங்கானது.

2. கணினியின் உலோகப் பெட்டியைத் தொடும்போது மெல்லிய கூச்சம் போன்ற அதிர்வு உண்டாகிறதா? புவியிணைப்பு இல்லாத இடத்தில், கணினியின் மின்வழங்கியில் உள்ள வடிகட்டும் உறுப்புகள் வழியாக அப்பெட்டி ஏறத்தாழ 115 வோல்ட் வரை ஏறி நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது ஆதலால் கூச்சத்தோடு நிற்கிறது. எனினும் அது புவியிணைப்பு இல்லை என்பதை அறிவிக்கும் குரல். அதனை அசட்டை செய்யக்கூடாது.

3. மூன்று முனைச் செருகியின் மேல்முனையை வெட்டியெறிதல் கூடாது. மூன்று முனையை இரண்டு முனையாக்கும் இணைப்பான்களைக் குளிர்பதனப்பெட்டி, நீர்ச்சூடேற்றி, இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றிற்குப் பயன்படுத்தலும் கூடாது.

4. மேல்துளையில் எழுதுகோலையோ குச்சியையோ நுழைத்துக் கீழ்த்துளைகளைத் திறக்கும் பழக்கத்தைக் கைவிடவேண்டும். அம்மூடி குழந்தைகளைக் காக்க வைக்கப்பட்டது.

5. 2000 வாட் நீர்ச்சூடேற்றி ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பலதுளைப் பெட்டியில் அதனைச் செருகினால் பெட்டி சூடேறித் தீப்பற்றலாம்.

6. காப்பான் வாங்கும்போது பெட்டியின்மேல் ஜூல் அளவும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ளனவா எனப் பார்க்கவேண்டும். ஜூல் அளவு குறிக்கப்படாத பலதுளைப் பெட்டி பெரும்பாலும் வெறும் நீட்டிப்புப் பெட்டியே.

7. ‘ஆர்.சி.சி.பி.’ கருவியில் ‘டி’ என்னும் சோதனைப் பொத்தான் இருக்கும். அவ்வப்போது பெரியவர் ஒருவர் அதனை அழுத்திப் பார்க்கவேண்டும். உடனே மின்சாரம் நின்றால் கருவி நலமாக உள்ளது.

கைப்பேசி மின்னேற்றிகளுக்கு இரண்டு முனைகள் மட்டுமே உள்ளனவே என்று நீங்கள் வினவலாம். அவற்றின்மேல் சதுரத்திற்குள் சதுரம் வரைந்த குறி இருக்கும். வெளியே தொடக்கூடிய உலோகம் இல்லாமல் இரட்டைக் காப்புடன் செய்யப்பட்டவை என்பது அதன் பொருள். அவற்றுக்குப் புவியிணைப்புத் தேவையில்லை. மற்றக் கருவிகளில் மூன்றாவது முனை இருந்தால், அதற்கு ஒரு காரணம் உண்டு.

எச்சரிக்கை: மாணவர்கள் எக்காரணம் கொண்டும் மின்பலகையைத் திறத்தலும், துளைகளில் கம்பி நுழைத்துச் சோதித்தலும் கூடா. பார்ப்பதும் கேட்பதும் உங்கள் பணி. தொடுவது மின்பணியாளரின் பணி.

ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் பேசும்போது, “அங்கே இஸ்திரிப் பெட்டிக்கு எர்த் இருக்கிறதா?” என்று கேளுங்கள். இப்பாடத்தில் கற்ற தமிழ்ச் சொற்கள், அவர்களுக்கு விளங்கும்படி இதனை எடுத்துரைக்க உங்களுக்கு உதவும்.

சொல்லும் பொருளும்

கலிங்கு – ஏரியின் மிகுதி நீர் வழிந்தோடக் கட்டப்பட்ட அமைப்பு
வாளா – சும்மா
தூர்தல் – மண் நிறைந்து அடைபடுதல்
கசிவு – சிறிது சிறிதாக வெளியேறுதல்
இடர் – துன்பம், ஆபத்து
அசட்டை – பொருட்படுத்தாமை

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. மூன்று முனைச் செருகியில் நீளமான முனை
அ) மின்கம்பிக்கு உரியது ஆ) நடுநிலைக் கம்பிக்கு உரியது இ) புவியிணைப்புக்கு உரியது

2. காப்பானில் உள்ள வில்லை செய்யப்படும் பொருள்
அ) செம்பு ஆ) துத்தநாக ஆக்சைடு இ) கரி

3. கட்டடத்தை மின்னலிலிருந்து காப்பது
அ) சீராக்கி ஆ) உருகி இ) இடிதாங்கி

ஆ. குறுவினா

1. புவியிணைப்புக் குழியில் கோடையில் நீர் ஊற்றுவது ஏன்?
2. உருகி எதனைக் காக்கிறது? எதனைக் காப்பதில்லை?
3. இரட்டைக் காப்புக் குறியின் பொருள் யாது?

இ. சிறுவினா

1. மின்னெழுச்சிக் காப்பானை ஏரியின் கலிங்கோடு ஒப்பிட்டு எழுதுக. வாய்க்கால் எதற்கு உவமை?
2. மண்ணின் தடை 10 ஓம் எனில் பழுதின்போது எத்தனை ஆம்பியர் பாயும்? 6 ஆம்பியர் துண்டிப்பானின் அளவை அது கடக்குமா?

ஈ. மொழியை ஆள்வோம்

தனிக்குற்றெழுத்தை அடுத்து மெய்யெழுத்து நின்று, வரும் சொல் உயிரெழுத்தில் தொடங்கினால், அம்மெய் இரட்டிக்கும்.
மின் + எழுச்சி = மின்னெழுச்சி
மின் + அழுத்தம் = மின்னழுத்தம்
வரும் சொல் மெய்யொலியில் தொடங்கினால் இவ்வாறு இரட்டிப்பதில்லை: மின் + விசிறி = மின்விசிறி.

1. சேர்த்து எழுதுக: மின் + ஓட்டம், மின் + கம்பி, மின் + ஆற்றல்.
2. பிரித்து எழுதுக: மின்னேற்றி, மின்பலகை, மண்ணெண்ணெய்.
3. ‘மின்னுதல்’ என்பதற்கு ஒளிவிடுதல் என்பது பொருள். மின்னல், மின்மினி ஆகியவை இதனோடு உறவுடைய சொற்கள். இவ்விரண்டையும் அமைத்துத் தனித்தனித் தொடர் எழுதுக.

உ. கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் உள்ள கருவிகளைப் பட்டியலிட்டு, இரண்டு முனை உடையவை, மூன்று முனை உடையவை என வகைப்படுத்துக. கருவிகளைத் தொடாமல், பெற்றோர் துணையுடன் செய்க.
2. ஊரில் உள்ள உறவினர் ஒருவர், குளிர்பதனப்பெட்டியின் மூன்றாவது முனையை வெட்டிவிட்டதாகச் சொல்கிறார். அது ஏன் தவறு, இனிச் செய்யவேண்டியது என்ன என்பவற்றை விளக்கி அவருக்கு ஒரு கடிதம் எழுதுக.